கணினிவழி வேலையும் கூலிப் பாதுகாப்பும்

அங்கத்தினர் கல்விப் பகுதி

உழைத்துப் பிழைப்பவருக்கு இரண்டு கவலைகள் உண்டு. வேலை கிடைக்குமா என்பது ஒன்று. செய்த வேலைக்குக் கூலி கைக்கு வந்து சேருமா என்பது மற்றொன்று. தறியில் உட்காருபவரும், மண்டிக்கு மூட்டை ஏற்றி அனுப்புபவரும் இவ்விரண்டையும் நன்கு அறிவர். முதற் கவலையை நீக்கும் புதிய சந்தைகள் காலந்தோறும் தோன்றுகின்றன. இரண்டாவது கவலையோ சந்தை விரிய விரியத் தானும் விரிகிறது. வாங்குபவர் எதிரே நின்றால் கேட்டு வாங்கலாம். கடல் கடந்து முகம் தெரியாமல் இருந்தால் யாரிடம் சென்று கேட்பது?

நம் அங்கத்தினர் வீடுகளில் படித்துத் தேறிய பிள்ளைகள் சிலர் இன்று வீட்டில் இருந்தவாறே இணையத்தின் மூலம் அயல்நாட்டாருக்கு வேலை செய்து வருகின்றனர். கணக்கெழுதுதல், மொழிபெயர்த்தல், படம் வரைதல், துணிகளுக்குக் கணினியில் வடிவம் அமைத்தல், மென்பொருள் ஆக்குதல் ஆகியவை அவ்வேலைகளுட் சில. இவர்கள் எந்தக் கம்பெனியிலும் மாதச் சம்பளக்காரர் அல்லர். எடுத்த வேலைக்குக் கூலி பெறும் தனித்தொழிலர் ஆவர். ஆதலின் கூட்டுறவு இயக்கம் தோன்றிய நாள் முதல் எந்தக் கேள்வியை ஆராய்ந்து வந்ததோ, அதே கேள்வி இவர்கள் முன்னும் நிற்கிறது. கூலிக்குப் பொறுப்பு யார்? இப்பாடத்தில் அதனை முறையாக ஆராய்வோம்.

வேலை நடைபெறும் முறை

வேலை கொடுப்போரையும் செய்வோரையும் சேர்த்துவைக்கும் இணையவழிச் சந்தைகளை வேலைத் தளங்கள் என்று கூறலாம். அமெரிக்காவின் அப்வொர்க், இஸ்ரேலில் தோன்றிய ஃபைவர், ஆஸ்திரேலியாவின் ஃபிரீலான்சர் ஆகியவை இவற்றுள் பெயர் பெற்றவை. எலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரண்டு பழைய நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து, 2015-ஆம் ஆண்டில் அப்வொர்க் என்ற பெயரைப் பூண்டன.

வேலை கொடுப்பவர் தம் தேவையை இத்தளத்தில் அறிவிக்கிறார். செய்ய விரும்புவோர் தம் தகுதியையும் கேட்கும் கூலியையும் எழுதி விண்ணப்பிக்கின்றனர். ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டதும் ஒப்பந்தம் ஏற்படுகிறது. வேலையும் பணமும் தளத்தின் வழியே கைமாறுகின்றன. இச்சேவைக்காகத் தளம் ஒரு கழிவு எடுத்துக்கொள்கிறது. ஃபைவர் தளத்தில் வேலை செய்பவரின் வருமானத்தில் நூற்றுக்கு 20 கழிகிறது. பிற தளங்களில் விகிதம் வேறுபடும். அவ்வப்போது மாறவும் செய்யும்.

தரகர் என்றால் நம்மவருக்குப் புதியவர் அல்லர். ஆனால் தரகர் இருவகையினர். வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைத்துத் தரகைப் பெற்றுக்கொண்டு விலகிவிடுபவர் ஒருவகை. பணம் கைமாறும் வரை தாமும் பொறுப்பேற்று நிற்பவர் மற்றொருவகை. ஒரு தளம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை வேலையில் இறங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

நெசவாளர் துணியைக் கொடுத்து, அதில் குறை கண்டு வியாபாரி ஏற்க மறுத்தால், துணியாவது திரும்பி வரும். விலை குறைந்தாலும் வேறொருவருக்கு விற்கலாம். மொழிபெயர்த்த கட்டுரையோ, வரைந்த படமோ அவ்வாறு திரும்பி வருவதில்லை. கணினி வழியே அனுப்பிய கணமே அதன் படி வேலை கொடுத்தவரிடம் தங்கிவிடுகிறது. அவருக்கென்றே செய்யப்பட்டதாகையால் மற்றொருவருக்கு அது பயன்படுவதும் அரிது. எனவே சரக்கைப் பிடித்துவைத்துக் கூலி கேட்கும் பலம் இவ்வேலையில் இல்லை. இஃது முதல் ஆபத்து.

கடனட்டையால் செலுத்தப்பட்ட பணம் திரும்பப் பறிபோகக் கூடும் என்பது இரண்டாவது. அட்டைக்கு உரியவர் தம் வங்கியிடம், இச்செலவு எனக்குச் சம்மதமானதன்று என்று முறையிட்டால், விசாரணைக்குப் பின் வங்கி அப்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள இடமுண்டு. திருடப்பட்ட அட்டையைக் கொண்டு வேலை வாங்கும் வஞ்சகரும் உண்டு. பணம் கணக்கில் வந்துவிட்டது என்பதாலேயே அது நம்முடையதாகிவிடவில்லை என்பதை இதனால் அறியலாம்.

தூரம் என்பது மூன்றாவது. நூறு டாலர் கூலிக்காக அயல்நாட்டு நீதிமன்றத்தில் வழக்காடுவது நடவாத காரியம். வழக்குச் செலவு கூலியினும் பன்மடங்காகும். இதனை நன்கு அறிந்தே சிலர் சிறு தொகைகளைக் கொடாமல் ஏமாற்றுகின்றனர்.

நான்காவது, மதிப்பெண். வேலை முடிந்ததும் வேலை கொடுத்தவர் நட்சத்திரக் கணக்கில் மதிப்பிடுவது இத்தளங்களின் வழக்கம். அடுத்த வேலை கிடைப்பது அம்மதிப்பைப் பொறுத்தது. ஆகவே, பாதித் தொகையை விட்டுக்கொடு. இல்லையேல் குறைந்த மதிப்பெண் இடுவேன் என்று மறைமுகமாக அச்சுறுத்துவோர்க்கு அஞ்சி, நியாயமான கூலியை இழப்பவரும் உளர்.

முதற் காப்பு: இடைக்காப்புப் பணம்

மொத்தக் கூலி பேசிச் செய்யும் வேலைக்கு ஏற்பட்டுள்ள காப்பு, எஸ்க்ரோ எனப்படும் இடைக்காப்பு முறையாகும். வேலை தொடங்கும் முன்பே கொடுப்பவர் கூலியைத் தளத்தின் பொறுப்பில் கட்டிவிடுகிறார். அது அவர் கையிலும் இல்லை, செய்பவர் கையிலும் இல்லை, நடுவில் நிற்கிறது. வேலை ஒப்படைக்கப்பட்டு ஏற்கப்பட்டதும் செய்பவருக்கு விடுவிக்கப்படுகிறது. இரு தரப்பாரும் நம்பும் ஊர்ப் பெரியவரிடம் பந்தயப் பணத்தைக் கொடுத்துவைக்கும் வழக்கத்தை ஒத்தது இது.

பெரிய வேலையாயின் அதனைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே பணம் கட்டச் செய்யலாம். அப்வொர்க் விதிகளின்படி, ஒரு கட்டத்தின் வேலையை முறைப்படி ஒப்படைத்த பின், அதைப் பார்வையிட வேலை கொடுத்தவருக்கு 14 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் அவர் ஏற்கவும் இல்லை, திருத்தம் கேட்கவும் இல்லை எனில், பணம் தானாகவே விடுவிக்கப்படும். அதன்பின் மேலும் 5 நாள் பாதுகாப்பிற்காக நிறுத்திவைக்கப்பட்டுப் பின்னர் கைக்கு வரும். ஃபைவர் தளத்தில் வாங்குபவர் முன்னதாகவே முழுத்தொகையும் செலுத்துகிறார். வேலையை ஒப்படைத்த 3 நாட்களுக்குள் அவர் மறுமொழி சொல்லாவிடில் வேலை முடிந்ததாகக் கொள்ளப்படும்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். 300 டாலர் மதிப்புள்ள மொழிபெயர்ப்பு வேலை ஒன்று மூன்று கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. கட்டத்துக்கு 100 டாலர். முதற் கட்டத்துக்குப் பணம் கட்டப்பட்டது, வேலை ஒப்படைக்கப்பட்டது, கூலியும் வந்தது. இரண்டாம் கட்டத்துக்கும் பணம் கட்டப்பட்டது; வேலை ஒப்படைக்கப்பட்டது; ஆனால் வேலை கொடுத்தவரிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. பதினான்காம் நாள் கழிந்ததும் அந்த 100 டாலர் தானே விடுபடுகிறது. மூன்றாம் கட்டத்துக்குப் பணம் கட்டப்படவில்லை. இப்போது அத்தொழிலர் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் அவருக்கு நஷ்டம் ஏதுமில்லை. மாறாக, இரண்டுக்குக் கொடுத்தவர் மூன்றாவதற்கும் கொடுப்பார் என்று நம்பி வேலையை முடித்து அனுப்பிவிட்டால், அந்த 100 டாலருக்குக் காப்பு இல்லை.

ஆகவே இம்முறையில் நினைவிற் கொள்ள வேண்டிய விதி ஒன்றே: பணம் கட்டப்படாத கட்டத்தில் கை வைக்கலாகாது. ஒப்பந்தத்தில் 300 டாலர் என்று எழுதியிருப்பது காப்பன்று. எத்தனை டாலர் இடைக்காப்பில் நிற்கிறது என்பதே காப்பு.

இங்கே இரண்டு நுட்பங்களைக் கவனிக்க வேண்டும். கணக்கிடப்படும் நாட்கள், வேலையைத் தளத்திற்குரிய ஒப்படைப்பு வழியில் சமர்ப்பித்த நாளிலிருந்தே தொடங்கும். கடிதத்திலோ அரட்டைச் செய்தியிலோ கோப்பை அனுப்பிவிட்டுக் காத்திருப்பவருக்குக் கெடு ஓடாது. அடுத்து, வேலை கொடுத்தவர் கெடுவுக்குள் திருத்தம் கேட்டால், திருத்தி மீண்டும் ஒப்படைத்த பின்னரே புதிதாக நாள் எண்ணப்படும். முடிவில்லாமல் திருத்தம் கேட்டு இழுத்தடிப்பதைத் தவிர்க்க, எத்தனை முறை திருத்தம் செய்து தரப்படும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்வது நலம்.

இரண்டாவது காப்பு: நேரப் பதிவு

மணிக்கணக்கில் கூலி பேசும் வேலைகளும் உண்டு. இவற்றில் முன்பணம் இடைக்காப்பில் நிற்பதில்லை. வாரம் முடிந்தபின் கணக்கிடப்படும். இதற்குக் காப்பாக அமைவது வேலை நேரத்தின் பதிவேடு. நம் ஆலைகளில் வருகைப் பதிவேடு எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியமானது இது.

அப்வொர்க் முறையில், செய்பவர் தம் கணினியில் ஒரு நேரக் கணக்கு மென்பொருளை இயக்கிவிட்டு வேலை செய்ய வேண்டும். அம்மென்பொருள் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக, மணிக்கு 6 முறை, கணினித் திரையைப் படம் பிடித்துவைக்கிறது. விசைப்பலகையும் சுட்டியும் எவ்வளவு இயங்கின என்பதையும் குறித்துக்கொள்கிறது. இவ்வாறு பதிவான நேரத்துக்கு வேலை கொடுத்தவர் பணம் செலுத்தத் தவறினால், உரிய நிபந்தனைகள் நிறைவேறியிருக்கும்போது, குறிப்பிட்ட உச்சவரம்பு வரை தளமே கூலியைக் கொடுக்க முன்வருகிறது.

நிபந்தனைகள் என்ன? வேலை கொடுப்பவரின் பணம் செலுத்தும் வழி சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். நேரம் மென்பொருளால் பதிவாகியிருக்க வேண்டும். என்ன வேலை செய்யப்பட்டது என்ற குறிப்பு எழுதப்பட்டிருக்க வேண்டும். திரைப்படங்கள் அவ்வேலையையே காட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் கண்ட வார உச்ச நேரத்தைத் தாண்டலாகாது.

மணிக்கு 8 டாலர் வீதம் ஒருவர் ஒரு வாரத்தில் 20 மணி நேரம் உழைத்ததாகக் கொள்வோம். அதில் 16 மணி நேரம் மென்பொருளில் பதிவாயிற்று. மீதி 4 மணி நேரத்தை அவர் பிறகு தம் கையால் எழுதிச் சேர்த்தார். உரிமைப்படி வரவேண்டியது 160 டாலர். ஆயின், வேலை கொடுத்தவர் கைவிரித்தால் இந்தக் காப்பின் கீழ்க் கேட்கக்கூடியது 16 மணி நேரத்துக்குரிய 128 டாலர் மட்டுமே. உழைப்பு ஒன்றே, பதிவு வேறுபட்டதால் காப்பும் வேறுபட்டது. கணக்கு எழுதாத சங்கத்துக்கு நேரும் கதிதான் இங்கும்.

திரையைப் படம் பிடிப்பது மேற்பார்வையின் கடுமையைக் காட்டுகிறது என்று சிலர் வெறுப்பர். வெறுப்புக்குக் காரணம் இல்லாமலில்லை. வீட்டிற்குள்ளேயே மேஸ்திரியை உட்காரவைத்ததை ஒத்ததுதான் இது. ஆனால் இன்றைய நிலையில் அப்படமே உழைத்தவருக்குச் சாட்சியாகவும் நிற்கிறது. இம்முறையை ஏற்பதா, கட்டக் கூலி முறையை நாடுவதா என்பதை அவரவர் எடைபோட்டு முடிவு செய்யலாம்.

காப்பு இல்லாத இடங்கள்

மேற்கூறிய காப்புகள் யாவும் தளத்தின் வேலிக்குள் நடக்கும் வேலைக்கே உரியன. வேலியைத் தாண்டியவருக்கு அவை துணை வாரா. ஏமாற்றுவோர் கையாளும் வழிகளை இங்கே தொகுத்துக் கூறுகிறோம்.

1. தளத்தின் கழிவை இருவரும் மிச்சப்படுத்தலாம். நேரடியாகப் பணம் அனுப்புகிறேன் என்று ஆசை காட்டுவது. கழிவு மிஞ்சும், கூலி மிஞ்சாது. மேலும், தளத்தில் அறிமுகமானவரோடு விதிக்கு மாறாக வெளியே பணம் பேசினால் தளத்தின் கணக்கே முடக்கப்படலாம்.

2. வேலை தரும் முன் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், பிணைத்தொகை என்று பணம் கேட்பது. கூலி வாங்க வந்தவரிடம் கூலி கொடுப்பவர் பணம் கேட்டால், அது வேலையன்று, சூது.

3. கூலிக்கு அதிகமாகக் காசோலை அனுப்பி, மிகுதியைத் திருப்பி அனுப்பச் சொல்வது. காசோலை பின்னர்ப் பொய்த்துப்போகும். அனுப்பிய மிகுதி போனதே.

4. மாதிரிக்காக என்று சொல்லி, முழு வேலையையும் பலரிடம் துண்டு துண்டாக இலவசமாக வாங்கிக்கொள்வது. மாதிரி என்பது ஒரு முழம். ஒரு பீஸ் அன்று.

5. வங்கிக் கடவுச்சொல், ஒருமுறைச் சொல் முதலியவற்றைக் கேட்பது, அல்லது உங்கள் தளக் கணக்கை வாடகைக்குக் கொடுங்கள் என்பது. இவற்றுக்கு ஒரே விடை மறுப்பு.

நிற்க. முறையாக நடந்தும் தகராறு நேர்ந்தால் என்ன செய்வது? இடைக்காப்புப் பணத்தைப் பற்றிய தகராறில் தளத்தார் முதலில் இருவரையும் சமரசம் செய்ய முயல்வர். சமரசம் ஏற்படாவிடில் நடுவர் தீர்ப்புக்குச் செல்ல வழிவகை செய்யும் தளங்களும் உண்டு. எதுவாயினும் கெடு நாட்கள் குறுகியவை. ஆகையால் ஒப்பந்தம், செய்திகள், ஒப்படைத்த கோப்புகள், தேதிகள் ஆகிய அனைத்தையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துவைத்தல் இன்றியமையாதது.

சட்டத்தின் துணை

தளங்களின் விதி ஒரு கம்பெனி வகுத்துக்கொண்ட விதியே. அதனை அக்கம்பெனியே மாற்றவும் கூடும். சட்டம் தரும் உரிமை அவ்வாறன்று. தனித்தொழிலரின் கூலிக்கென்றே சட்டம் செய்வதில் முன்னோடியாக நின்றது நியூயார்க் மாநகரம். அங்கே தனித்தொழிலர் சங்கத்தார் நடத்திய இயக்கத்தின் பயனாக 2016-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் நிறைவேறி, 2017 மே 15 முதல் அமலுக்கு வந்தது. தனித்தொழில் இலவசம் அன்று என்பதே அச்சட்டத்தின் பெயருக்குப் பொருள். அதன்படி 800 டாலரும் அதற்கு மேற்பட்டதுமான வேலைக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தத்தில் தேதி குறிக்காவிடில் வேலை முடிந்த 30 நாட்களுக்குள் கூலி கொடுத்தாக வேண்டும். கொடாதவர் மீது வழக்கிட்டு இரட்டிப்புத் தொகை பெற வழியுண்டு. உரிமை கேட்டவரைப் பழிவாங்குவதும் தடுக்கப்பட்டுள்ளது.

அம்மாநகரின் வழியைப் பிற இடங்களும் பின்பற்றின. இல்லினாய்ஸ் மாநிலத்தில் 2024 ஜூலை 1 முதலும், நியூயார்க் மாநிலம் முழுவதிலும் 2024 ஆகஸ்டு 28 முதலும், கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதலும் இத்தகைய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன.

நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அபிவிருத்திச் சட்டம் இவ்வகையில் பயன்படுவது. உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழிலர் ஒருவர் பொருள் மட்டுமன்றிச் சேவை அளிப்பவராகவும் இருக்கலாம். அவரிடம் வேலை வாங்கிய இந்திய வியாபாரி, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிற்கண்ட தேதிக்குள் பணம் கொடுக்க வேண்டும். அத்தேதியும் 45 நாளைத் தாண்டலாகாது. ஒப்பந்தம் இல்லையேல் கெடு 15 நாள். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு விகிதத்தில், மாதாமாதம் கூட்டப்படும் வட்டியுடன் கொடுக்க வேண்டும். இதற்கான முறையீட்டை மாநில அரசு அமைத்துள்ள வசதிக் குழுவிடம் செய்யலாம். சமாதான் என்ற இணைய வாயில் மூலம் முறையிடும் வசதி 2017-இல் ஏற்படுத்தப்பட்டது.

2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. தளங்களின் வழியே உழைப்போரை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் அதன் நோக்கம் விபத்து, நோய், முதுமை முதலிய காலங்களுக்கான உதவியே. கொடுபடாத கூலியை வசூலித்துத் தருவது அதன் வேலையன்று. கடல் கடந்த வியாபாரியிடம் நம் சட்டத்தின் கை எளிதில் எட்டுவதும் இல்லை. எனவே சட்டம் ஒரு தூண்; அதுவே கூரையாகிவிடாது.

கூட்டுறவு காட்டிய வழி

இனி, நம் இயக்கத்தார் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம்.

பெல்ஜிய நாட்டில் 1998-ஆம் ஆண்டில் ஸ்மார்ட் என்ற ஸ்தாபனம் தோன்றியது. நாடகக் கலைஞர், இசைவாணர், ஓவியர் போன்றோர் இன்று ஓரிடத்திலும் நாளை வேறிடத்திலும் வேலை செய்பவர். கூலி எப்போது வரும் என்பது அவர்களுக்கு நிச்சயமில்லை. அவர்களுக்கு உதவவே ஸ்மார்ட் ஏற்பட்டது. கலைஞர் தம் வேலையை ஸ்மார்ட்டின் மூலம் ஒப்பந்தம் செய்துகொள்வார். வேலை கொடுத்தவருக்குப் பணச்சீட்டு அனுப்புவதும் வசூலிப்பதும் ஸ்மார்ட்டின் பொறுப்பு. ஒப்பந்தக் காலத்தில் கலைஞர் ஸ்மார்ட்டின் ஊழியராகவே கருதப்படுவதால், சம்பளக்காரருக்குரிய சமூகப் பாதுகாப்பும் அவருக்குக் கிட்டும். வேலை கொடுத்தவர் பணம் செலுத்தினாலும் தாமதித்தாலும், வேலை முடிந்த சில நாட்களிலேயே ஸ்மார்ட் கூலியைப் பட்டுவாடா செய்துவிடும்.

இது எவ்வாறு இயலும்? ஒவ்வொருவரும் தம் வருமானத்திலிருந்து ஒரு சிறு பங்கைக் கட்டணமாகக் கொடுக்கின்றனர். அதிலிருந்து ஒரு பகுதி பொது உத்தரவாத நிதியில் சேருகிறது. நூறு பேரில் இருவர் மூவருக்குக் கூலி வாராமற் போகலாம். அந்த நஷ்டத்தை நூறு பேரும் சிறுகச் சிறுகத் தாங்கிக்கொள்கின்றனர்.

இந்நிதிக்குச் சோதனைக்காலம் 2016-இல் வந்தது. டேக் ஈட் ஈஸி என்பது உணவை மிதிவண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு இணையவழி ஆள் சேர்த்த ஒரு பெல்ஜியக் கம்பெனி. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் அது திடீரென நொடித்துப்போயிற்று. பிரான்சு நாட்டில் அக்கம்பெனிக்கு வண்டி ஓட்டிய இளைஞர்கள் சுயதொழிலராகப் பதிவு செய்யப்பட்டிருந்தனர். ஆகவே அவர்கள் தம் கடைசிக் கூலிக்காகக் கடனீந்தோர் வரிசையில் நிற்க நேர்ந்தது. அவர்களுள் ஒருவர் தொடுத்த வழக்கில், அவர் உண்மையில் ஊழியரே என்று பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அத்தீர்ப்பு வந்தது 2018 நவம்பரில். பெல்ஜியத்திலோ, ஸ்மார்ட்டின் வழியே வேலை செய்த நூற்றுக்கணக்கான ஓட்டுநர்களுக்கு உத்தரவாத நிதியிலிருந்து கூலி கொடுக்கப்பட்டது. ஒரே கம்பெனி, ஒரே வேலை, ஒரே நாளில் வந்த வீழ்ச்சி. ஒரு சாராருக்குக் கூலி உடனே வந்தது. மற்றொரு சாராருக்கு வழக்கு மிஞ்சியது. வேற்றுமைக்குக் காரணம், முன்கூட்டிச் சேர்த்துவைத்த பொதுநிதியே.

அதன்பின் ஸ்மார்ட் தன் அமைப்பையே கூட்டுறவுச் சங்கமாக மாற்றிக்கொண்டது. நிதிக்குப் பணம் கொடுப்பவர்களே அதன் பங்குதாரரும் ஆயினர். ஆனால் இவ்வழியிலும் தடைகள் இல்லாமலில்லை. மற்றொரு உணவுக் கம்பெனி ஸ்மார்ட்டுடன் 2016-இல் செய்துகொண்ட உடன்பாட்டை 2017-இல் முறித்துக்கொண்டு, ஓட்டுநரைச் சுயதொழிலராகவே வைத்துக்கொள்ள முற்பட்டது. வேலை கொடுப்பவர் ஒத்துழைக்க மறுத்தால் கூட்டுறவின் கையும் ஓரளவுக்கே நீளும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

நம் சங்கங்கள் செய்யக்கூடியவை

தளத்தின் காப்புக்கும் கூட்டுறவின் காப்புக்கும் உள்ள வேறுபாடு இப்போது விளங்கும். தளத்தில் விதி செய்பவர் முதலாளி. கூட்டுறவில் விதி செய்வது அங்கத்தினரின் பொதுக்குழு. தளத்தில் கழிவின் இலாபம் பங்குதாரருக்குப் போகிறது. கூட்டுறவில் மிச்சம் நிதியிலேயே தங்குகிறது.

கணக்குக்காக ஒன்றைப் பார்ப்போம். இத்தகைய வேலை செய்யும் 50 பேர் ஒரு சங்கமாகச் சேர்ந்து, தலைக்கு மாதம் 20,000 ரூபாய் சம்பாதிக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வருமானம் 10 இலட்சம். அதில் நூற்றுக்கு 2 வீதம் நிதிக்குக் கொடுத்தால் மாதம் 20,000 ரூபாய். ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் சேரும். ஓர் அங்கத்தினர் கொடுப்பது மாதம் 400 ரூபாய். அவருக்கு ஒரு முறை 15,000 ரூபாய்க் கூலி வாராமற்போனால், அந்த இடியை நிதி தாங்கும். ஆனால் ஒரே வேலைகொடுப்பவரை நம்பி அனைவரும் வேலை செய்து, அவர் நொடித்துப்போனால், இச்சிறு நிதி ஒரு மாதக் கூலிக்கும் போதாது. ஆதலின் ஒரு வாடிக்கையாளருக்கு இவ்வளவுக்கு மேல் உத்தரவாதம் இல்லை என்ற வரம்பும், எழுத்து ஒப்பந்தம் உள்ள வேலைக்கே உதவி என்ற நிபந்தனையும் துணைவிதிகளில் இடம்பெற வேண்டும். அசட்டையாக இருந்தவரின் நஷ்டத்தைக் கவனமாக இருந்தவர் சுமக்கும்படி ஆனால் நிதி நிலைக்காது.

தனி நிதி ஏற்படுத்த இயலாத சங்கங்களும் செய்யக்கூடியவை உண்டு. மாதம் ஒருமுறை கூடி, தளங்களின் புதிய விதிகளைப் படித்து விளக்கலாம். ஏமாற்றும் வாடிக்கையாளரைப் பற்றி ஒருவர் பெற்ற அனுபவத்தை மற்றவருக்கு அறிவிக்கலாம். ஆங்கில ஒப்பந்தத்தின் மாதிரி ஒன்றைத் தயாரித்துக் கொடுக்கலாம். உத்யம் பதிவுக்கும் வசதிக் குழுவிடம் முறையிடுவதற்கும் சங்கச் செயலாளர் உதவலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை.

பாடச் சுருக்கம்

பணம் முன்கூட்டியே நடுவில் நிற்பது, வேலை பதிவாகி இருப்பது, கெடு குறிக்கப்பட்டிருப்பது, தகராறைத் தீர்ப்பவர் யார் என்று தெரிந்திருப்பது ஆகிய நான்கும் கூலிப் பாதுகாப்பின் நான்கு கால்கள். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் கட்டில் ஆடும். இந்நான்கும் தவறும் வேளையில் தாங்குவதற்கு உரியது பொது உத்தரவாத நிதி. கைத்தறிக்கும் கழனிக்கும் கூட்டுறவு எதைச் செய்ததோ, அதையே கணினியின் முன் தனியே அமர்ந்து உழைப்பவருக்கும் செய்ய முடியும். அதற்கு முதற்படி, அவர்களும் நம் கூட்டத்தில் வந்து உட்காருவதே.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. நெய்த துணிக்கும் கணினியில் செய்த வேலைக்கும் கூலி வசூலிப்பதில் உள்ள வேற்றுமை யாது?

2. ஒப்பந்தத்தில் கண்ட தொகைக்கும் இடைக்காப்பில் நிற்கும் தொகைக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் உதாரணத்துடன் விளக்குக.

3. கையால் எழுதிச் சேர்த்த நேரத்துக்குக் காப்பு மறுக்கப்படுவது நியாயமா? இரு தரப்பு வாதங்களையும் கூறுக.

4. 2016-இல் பெல்ஜிய ஓட்டுநருக்குக் கூலி கிடைத்ததற்கும், பிரெஞ்சு ஓட்டுநர் வழக்காட நேர்ந்ததற்கும் காரணங்கள் யாவை?

5. உங்கள் ஊரில் இவ்வகை வேலை செய்வோர் எத்தனை பேர்? அவர்களுக்கு உத்தரவாத நிதி ஏற்படுத்தினால், உதவிக்கு எவ்வளவு வரம்பு வைப்பீர்கள்? அங்கத்தினர்கள் கணக்கிட்டுப் பொதுக்குழுவில் வைக்கலாம்.